எறும்பு இல்லாத வீடு

"அக்கா, நான் இனிப்பை விட்டுட்டேன். ஆனா இனிப்பு என்னை விடமாட்டேங்குது."

வலைக்கடை கஸ்மீர் கடற்கரைக் குருசடிச் சிலுவை முன்னால் மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு இப்படித்தான் ஆரம்பித்தார்.

சாம்பல் புதன் கழிந்து ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்கும்.

மதலேன் அக்கா சிலுவைக்கு அடியில் உறைந்து கிடந்த மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"டீயில சீனி கிடையாது. வாழைப்பழம் கூடத் தொடலை. ஆனா நாக்கு பூரா அதே நினைப்பு. பூசையில முழங்கால் போட்டா பால்கோவா ஞாபகம் வருது. தூக்கத்துல லட்டு வருது. இது எப்பத்தான் அக்கா போகும்?"

அக்கா கத்தியைத் துடைத்தாள்.

"வீட்டுக்குப் போம்," என்றாள்.

அவ்வளவுதான். கஸ்மீர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். வேறொன்றும் வரவில்லை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனார்.

அக்கா பேசுகிற ஆள் இல்லை. அவள் வாயைத் திறக்கவைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். கடற்கரைக் குருசடியைப் பெருக்கி, விளக்கேற்றி, பக்கத்திலேயே ஓலைச் சாய்ப்பில் இருக்கிறவள். அவளுக்கும் கஸ்மீருக்கும் ஒரே வயசு. சின்ன வயசில் கோயிலில் ஒரே நாளில் புதுநன்மை அப்பம் வாங்கினவர்கள். இருந்தாலும் அவள் ஊருக்கே அக்கா.

மனசில் ஒன்று கிடந்து அரித்தால் எங்கள் ஊர் ஆட்கள் சாமியாரிடம் போவதற்கு முன்னால் அவளிடம்தான் போவார்கள். சாமியார் கேட்டுவிட்டுப் புத்தி சொல்வார். அக்கா சொல்லமாட்டாள். அதுவே ஒரு நிம்மதி.

கஸ்மீரைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பூந்திச் சட்டியைப் பார்க்கிற மனுசன் அவர். மாசிமாதம் டீக்கடையில் யாரோ சீண்டியிருக்கிறார்கள். "உம்மால ஒருநாள் இனிப்பில்லாம இருக்க முடியுமாவே?"

"ஒருநாளா? தவக்காலம் பூரா இருந்து காட்டுதேன்," என்று மேசையைத் தட்டிவிட்டார்.

தட்டினது தட்டினதுதான். மனுசன் வீட்டுக்குப் போய்ச் சீனி டப்பாவைக் கவிழ்த்தார். பானையிலிருந்த கருப்பட்டியை அள்ளி அக்கம்பக்கம் கொடுத்தார். பனங்கற்கண்டு, தேன், பிள்ளைகள் வந்தால் ஆகும் என்று வைத்திருந்த பால்பவுடர், ஒன்றையும் விடவில்லை. டப்பாக்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, அடுப்படியில் வரிசையாக அடுக்கினார்.

அவர் பெண்சாதி பிரகாசி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அவசரத்துக்கு ஒரு கை சீனியாவது இருக்கட்டுமே," என்றாள்.

"உனக்கா? சுகர் இருக்கவளுக்கு எதுக்குளா சீனி? உனக்கும் சேத்துத்தான் இந்த நன்மை."

"அதில்லைங்க, டாக்டர்…"

"ஊர்க்காரன் வந்து கேட்டா, என் வீட்டுல ஒரு எறும்பு கிடையாதுன்னு நான் சொல்லணும்."

சொல்லவும் செய்தார். டீக்கடையில், கோயில் முற்றத்தில், வலை வாங்க வந்தவனிடம், விற்க வந்தவனிடம். என் வீட்டில் ஒரு எறும்பு கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா மெழுகு சுரண்டிக்கொண்டிருக்கும்போது கஸ்மீர் மறுபடியும் குருசடிக்கு வந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பளிச்சென்று இருந்தார். அன்றைக்குச் சிலுவைப்பாதை ஊர்வலம் ஊரைச் சுற்றி வரும். சிலுவை சுமக்கப்போகிறவர் அவர்தான். இவ்வளவு வைராக்கியமாக இருக்கிற மனுசன் சுமக்கட்டும் என்று சாமியாரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஆனால் முகம் சரியில்லை. இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அக்கா முன்னால் வைத்து அவிழ்த்தார்.

உள்ளே ஆரஞ்சு மிட்டாய். ஒரு கைப்பிடி இருக்கும்.

"திருட்டுச் சாமான், அக்கா. என் வீட்டுக்குள்ளேயே. அவ தலகாணிக்கு அடியில."

அக்கா பார்த்தாள்.

"நான் ஊர் முன்னாடி சவால் விட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். எங்கூட ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு அவ ஒளிச்சு வச்சுத் திங்கா. யாரு குடுத்தான்னு கேட்டா வாயே திறக்கலை. அழுத்தக்காரி."

"நான்தான் குடுத்தேன்."

கஸ்மீருக்கு முகம் கறுத்துவிட்டது.

"நீங்களா? தவக்காலத்துலயா? சுகர்க்காரிக்கா?"

"போன வாரம் இங்க வந்தா. மெழுகுதிரி கொளுத்தும்போதே சாஞ்சுட்டா. உடம்பெல்லாம் வேர்வை. ஒரு மிட்டாயை வாயில போட்டேன், எந்திருச்சா. வீட்டுல ஒண்ணும் இல்லைன்னா. மிச்சத்தைக் குடுத்தனுப்பினேன்."

அக்கா இத்தனை வார்த்தை ஒரேயடியாகப் பேசினதே கஸ்மீருக்கு அதிசயமாக இருந்தது. அதனால் என்ன பேசினாள் என்பதை அவர் சரியாகக் கேட்கவில்லை.

"உம்மகிட்ட அவ சொல்லலையா?"

"சொன்னா, சொன்னா. தலை சுத்துதாம். கையில இனிப்பு வச்சுக்கோன்னு டாக்டர் சொன்னாராம். அதே டாக்டர்தானே இனிப்பைத் தொடாதேன்னாரு? எது நெசம்? எல்லாம் சாக்கு, அக்கா. திங்கணும்னு வந்துட்டா ஆயிரம் சாக்கு வரும். எனக்கு வராத சாக்கா?"

"இதை எப்ப எடுத்தீரு?"

"காலையில."

"ஊசி?"

"என்ன ஊசி?"

"அவ போடுற ஊசி. போட்டாளா?"

"அது விடிஞ்சதும் போட்டாச்சு. பிரிட்ஜில இருந்து நானே எடுத்துக் குடுத்தேன். அதெல்லாம் நான் ஒரு குறை வைக்கிறதில்லை."

"அப்புறம் என்ன சாப்பிட்டா?"

கஸ்மீர் சிரித்தார். பெருமையான சிரிப்பு.

"அதைத்தான் அக்கா சொல்லவந்தேன். மிட்டாயைப் பிடுங்கிட்டு நல்லா நாலு கேள்வி கேட்டேன். கூட இருந்தே குழி பறிக்கியாளான்னு கேட்டேன். அவளுக்கு ரோசம் வந்துட்டு. 'இன்னிக்கு நான் ஒருசந்தி, ராத்திரி வரைக்கும் பச்சைத்தண்ணி தொடமாட்டேன், போதுமா'ன்னுட்டா. கஞ்சி வச்சது வச்சபடி மூடிக் கிடக்கு. சரி, அவளும் ஒருநாள் ஒழுங்கா நோன்பு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அக்காவின் கையிலிருந்த கத்தி மணலில் விழுந்தது.

"இப்ப எங்க?"

"வீட்டுலதான். சிலுவைப்பாதைக்கு வரலை, படுத்திருக்கேன்னா."

"கூட யாரு?"

"யாரு இருக்கா? பிள்ளைங்க ரெண்டும் சென்னையில…"

"எந்திரியும்."

"அக்கா, சிலுவை எடுக்கணும், நேரமாச்சு…"

"அந்த மிட்டாயை எடும். ஓடி வாரும்."

சொல்லும்போதே அக்கா ஓட ஆரம்பித்துவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல், பங்குனி வெயிலில் கொதிக்கிற மணலில் ஓடினாள். அவள் ஓடி ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

கஸ்மீர் கைக்குட்டையை வாரிச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

"என்ன அக்கா? என்னன்னு சொல்லுங்க!"

"ஊசி அதுபாட்டுக்கு வேலை செய்யும்வே. வயித்துல கஞ்சி இருந்தாலும் செய்யும், இல்லாட்டாலும் செய்யும்."

"செஞ்சா?"

அக்கா இன்னும் வேகமாக ஓடினாள்.

கஸ்மீருக்கு அப்போதுதான் உறைத்தது. வேட்டி காலில் சிக்கியது. பிரகாசி காலையில் கதவுப்பக்கம் நின்றுகொண்டு, "நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நானும் இருந்து காட்டுதேன்," என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவள் கை நடுங்கினதும் ஞாபகம் வந்தது. கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்திருந்தார்.

கோயில் தெரு முனையில் கூட்டம் நின்றது. மைக்கில் சாமியார் ஜெபம் தொடங்கியிருந்தார். நடுவில் பெரிய மரச்சிலுவையை நாலுபேர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தா வந்துட்டாரு! கஸ்மீர் அண்ணாச்சி, சிலுவை உங்களுக்காகத்தான் நிக்குது!"

கூட்டம் விலகி வழி விட்டது. அக்கா அந்த வழியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறினாள். போகிற போக்கில், "வலைக்கடை வீட்டுக்கு ஒரு ஆட்டோ அனுப்புங்கடே!" என்று கத்தினாள்.

கஸ்மீர் நின்றார்.

பொய் சொல்லக்கூடாது, ஒரு நொடி நின்றார். ஊர் முழுக்க அவரைப் பார்த்தது. டீக்கடையில் சீண்டினவனும் அங்கே நின்றான். சிலுவையைத் தோளில் வைப்பதற்கு நாலு கை நீண்டது.

அக்கா தெருக்கோடியில் திரும்புவது தெரிந்தது.

"நீங்க தூக்குங்கடே," என்று எவன் நெஞ்சிலோ கையை வைத்துத் தள்ளிவிட்டு ஓடினார்.

"என்னாச்சு இவருக்கு?" என்று பின்னால் ஒரு குரல். "மிட்டாய்க்கடை எங்கயும் திறந்திருக்கோ என்னவோ," என்று இன்னொரு குரல். யாரோ சிரித்தார்கள்.

தெருவில் ஒரு வீடு திறந்திருக்கவில்லை. எல்லாரும் சிலுவைப்பாதையில் இருந்தார்கள். பெட்டிக்கடையில் பலகை போட்டு மூடியிருந்தது.

வீட்டு முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"பிரகாசி! ஏளா பிரகாசி!"

சத்தமில்லை.

"பின்னால," என்றாள் அக்கா.

சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்கதவைத் தள்ளினார்கள். அது திறந்துகொண்டது.

பிரகாசி அடுப்படியில் சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தாள். அவளைச் சுற்றி டப்பாக்கள். சீனி டப்பா, கருப்பட்டிப் பானை, தேன் பாட்டில், பால்பவுடர் டின். எல்லாம் மூடி திறந்து உருண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக இறக்கித் திறந்து தேடியிருக்கிறாள்.

எல்லாம் பளபளவென்று இருந்தன. கஸ்மீர் அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தார்.

"ஐயோ," என்றார்.

"அழுறதுக்கு நேரமில்லை. தலையைத் தூக்கிப் பிடியும்."

கஸ்மீர் தரையில் உட்கார்ந்து அவளைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். சட்டை உடனே நனைந்துவிட்டது. அவ்வளவு வேர்வை. கண் திறந்திருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

"பிரகாசி, நான்தாம்ளா."

"கடை பூட்டியாச்சா?" என்றாள் குழறலாக. யாரிடம் கேட்டாளோ.

அக்கா ஒரு சொட்டுத் தண்ணீரை அவள் உதட்டில் விட்டுப் பார்த்தாள். தொண்டை அசைந்தது.

"முழுங்குதாளே. தேவலை. சீனி எங்க?"

"இல்லை."

"கருப்பட்டி?"

"இல்லை அக்கா."

அக்கா அலமாரியைத் திறந்தாள். தட்டுகளைத் தள்ளினாள். மூலையில் கையை விட்டுத் துழாவினாள். சுவர் இடுக்குவரை பார்த்தாள். ஒன்றும் இல்லை. எறும்புகூட இல்லை.

திரும்பி அவரைப் பார்த்தாள். வையவில்லை. வைதிருந்தால் கஸ்மீருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மிட்டாயை எடும்."

கஸ்மீர் ஒரு மிட்டாயை எடுத்துப் பிரகாசியின் வாய்க்குக் கொண்டுபோனார்.

"முழுசாப் போடாதேயும்! தொண்டையில சிக்கிரும். தூளாக்கணும்."

கஸ்மீர் சுற்றுமுற்றும் பார்த்தார். அம்மி கொல்லையில் இருந்தது. ஒரு கை அவள் தலைக்கு அடியில், ஒரு கையில் மிட்டாய். நெஞ்சில் சாய்ந்திருந்த தலை கனத்துக்கொண்டே வந்தது.

"என்னத்தப் பாக்கீரு? கடியும்வே!"

வாயில் போட்டார். கடித்தார். கடகடவென்று நொறுங்கியது. அக்கா நீட்டின டம்ளரில் துப்பினார். அக்கா விரலால் கலக்கிக் கரண்டியில் எடுத்துப் பிரகாசியின் கன்னத்துக்குள் விட்டாள்.

"இன்னொண்ணு."

கடித்தார். துப்பினார்.

"இன்னொண்ணு."

கடித்தார். உதட்டோரம் ஒழுகியது. துடைக்கக் கை இல்லை.

"முழுங்கு பிரகாசி. முழுங்கிரு, என் ராசாத்தியில்ல," என்று வாய் நிறைய மிட்டாயோடு சொன்னார். ஒன்றும் விளங்கியிருக்காது.

வெளியே சிலுவைப்பாதை அவர்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. இயேசு முதல்முறை கீழே விழுந்தார் என்று மைக்கில் கேட்டது. கூட்டம் முழங்கால் போட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

கைக்குட்டை காலியானது.

"அவ்வளவுதான் அக்கா. இல்லை."

"பொறும்."

"முழிக்கமாட்டேங்காளே."

"பொறும்."

கஸ்மீர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்து இவ்வளவு நேரம் பார்த்து வருசக்கணக்காகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. கூட்டம் தெருவைத் தாண்டிப் போய்ச் சத்தம் தேய்ந்துவிட்டது.

முதலில் விரல் அசைந்தது. அப்புறம் இமை தட்டியது. பிரகாசி அவரைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கிடந்த டப்பாக்களைப் பார்த்தாள்.

"எதுக்கு ரெண்டுபேரும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

அக்கா அடுப்பைப் பற்றவைத்துக் காலையில் மூடிவைத்த கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். "குடி," என்றாள்.

"நான் ஒருசந்தி அக்கா."

"குடிளா."

அக்கா அப்படி அதட்டி யாரும் கேட்டதில்லை. பிரகாசி குடித்தாள். கஸ்மீர்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். கிண்ணம் ஆடிக் கஞ்சி வேட்டியில் சிந்தியது.

பாதிக் கஞ்சியில் பிரகாசி நிறுத்தினாள். மூக்கைச் சுளித்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் மோந்து பார்த்தாள்.

"உங்க வாயில என்ன ஆரஞ்சு வாசம்?"

கஸ்மீர் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தின்னீங்களா? என்கிட்ட பிடுங்கிட்டுப் போய் நீங்க தின்னீங்களா?"

"கடிச்சேன்."

"எத்தனை?"

"எல்லாம்."

பிரகாசிக்கு இன்னும் குரல் தேறவில்லை. ஆனால் காலையில் விட்ட கோபம் தேறிவிட்டது. "ஊர் பூரா சவால். வீட்டுல எறும்பு கிடையாது. கடைசியில என் மிட்டாயை எல்லாம் கடிச்சு முடிச்சாச்சு," என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "சொல்லுங்க. இத்தனை நாள் கழிச்சுத் தின்னீங்களே. நல்லா இனிச்சுதா?"

கஸ்மீர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். இந்தக் கடைவாயிலும் அந்தக் கடைவாயிலும் தேடினார்.

"தெரியலையே, பிரகாசி," என்றார். "எனக்குத் தெரியலையே."

அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதார். பிரகாசி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் தலையில் கையை வைத்தாள்.

தெருவில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

மதலேன் அக்கா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு கொல்லைக்கதவுக்குப் போனாள். வெந்துபோன பாதத்தை மெதுவாக எடுத்து வைத்து நடந்தாள். கஸ்மீர் தலையைத் தூக்கி, அவள் ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தார்.

வீட்டுக்குப் போம் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.